பின்பலகை ஓரத்து இடம்

ஆனி 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். விறகு ஈரம். அடுப்பு பற்றுவதற்குள் கண் எரிந்து போயிற்று.

கொல்லத்திலிருந்து மோட்டார் வந்து ஒரு வாரம். ஜட்காக் குதிரை செத்த அன்றே இவர் சொல்லிவிட்டார், இனிக் குதிரை வேண்டாம் என்று. தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறி அருவிக்குப் போகிறார்கள். ஜட்காவை யார் கூப்பிடுகிறார்கள்? அதனால் படகு. ஐந்தருவி போகிற பாதைக் குளத்தில் சீசன்காரர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவது. துடுப்புப் படகுக்காரர்கள் ஏற்கெனவே உண்டு. மோட்டார் வைத்தது இவர் ஒருத்தர்தான்.

படகு பழசு. மோட்டார் லட்சணம். படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தலை மேலே, கால் தண்ணீருக்குள். காலில் பித்தளை விசிறி, மூன்று இதழ். அது சுற்றினால் படகு போகும். நேற்று அந்த விசிறியைப் புளி போட்டு விளக்கி வைத்தேன். "ஏட்டி, இது என்ன குத்துவிளக்கா?" என்றார். ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

இவர் தனியாக ஓட்டினால் பறக்கிறது. ஆள் ஏற்றினால் ஓவென்று கத்துகிறது, நகரமாட்டேன் என்கிறது. புகை வேறு.

"ஆலங்குளத்தாளைக் கூட்டிட்டு வா. அவ காது கொடுத்துக் கேக்கட்டும்" என்றார்.

என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

ஆலங்குளத்தாள் என்றால் என் ஓரகத்தி. கொழுந்தனார் தவறிப் பல வருசம், எங்களோடுதான் இருக்கிறாள். இனிமேல் ஆ. என்று எழுதுகிறேன். முழுதாக எழுதக் கை வரவில்லை. அவள் அப்பா ஆலங்குளத்தில் நெல் மில்லில் இன்சின் ஓட்டியவர். மில்லுக்குப் பின்னால்தான் வீடு. இன்சின் சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு என்று கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இதில் ஒரு கூத்து. புருசனின் அண்ணன், மூத்தார், அவரிடம் அவள் நேரே பேசக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் என் வழியாக. நான் நடுவில் தபால்காரி. இன்று குளத்தங்கரையிலும் அதே.

"சத்தம் எப்பிடி இருக்குன்னு அவகிட்ட கேளு."

நாலு முழத் தூரத்தில்தான் அவள். என் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, என் காதில்: "ஆயில் கூடிப்போச்சுக்கா. புகை தொண்டையைக் கமறுதுல்லா. பெட்ரோல்ல கொஞ்சமாக் கலக்கச் சொல்லுங்க."

"ஆயில் கூடிப்போச்சாம்."

குறைத்தார். புகை நின்றது. "பாத்தியா!" என்றார். என்னிடம்தான் சொன்னார், கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று.

ராத்திரி ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஆனி 12, புதன்

சாரல் இல்லை. மேல்காற்று. துணி காய்ந்தது.

குளத்துக் குத்தகைக்கார அண்ணாச்சி வந்தார். காப்பி கொடுத்தேன். பேச்சு மட்டும் கசப்பு.

"ஞாயித்துக்கெழம எங்க வீட்டு ஆளுகளக் கூட்டிட்டு வாரேன். ஒரு படகு ஆளோட குளத்தை நிக்காமச் சுத்திட்டு வந்துட்டா, இந்த சீசன் உங்களுக்கு. இல்லன்னா மோட்டாரைக் கொல்லத்துக்கே வண்டி ஏத்திருங்க. துடுப்புக்காரன் தெனமும் வந்து நிக்கான்."

இவர் முகம் செத்துவிட்டது. குதிரையும் இல்லை, படகும் இல்லை என்றால் இந்த மனுசன் வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவார். எனக்குத் தெரியும்.

செங்கோட்டை மெக்கானிக்கு வந்தார். அரை மலையாளம். "ஆள் ஏறியால் வலிக்க முடியல்ல. விசிறிக்குப் பிடி போரா" என்றார். படகை இழுக்க விசிறிக்குப் பிடி போதாதாம், இதழை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டுமாம். தென்காசியில் பாத்திரம் அடிக்கிற ஆசாரியிடம் விசிறியைக் கொண்டு போயிருக்கிறார்கள்.

நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு?" என்றார்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். மறக்கப் போவதில்லை, இருந்தாலும்.
அவள் கல்யாணத்துக்கு என் சிவப்புக்கல் மூக்குத்தியை இரவல் வாங்கினார்கள். திரும்பி வந்தபோது கல்லில் கீறல்.
அத்தை சாகக் கிடந்தபோது ஏழு மாதம் அள்ளிக் கொட்டியது நான். கடைசிக் கஞ்சி "ஆலங்குளத்தா கையால" வேண்டுமாம்.
பலாப்பழம் அறுத்தால் நடுச் சுளை அவளுக்கு. இன்றைக்கும்.
இப்போது மோட்டார்.

ஆனி 14, வெள்ளி

பொழுதுக்கும் தூறல். முருங்கைக்கீரை உருவினேன். விரலில் இன்னும் வாசம்.

விசிறி முறுக்கி வந்தது. இதழ் முன்னைவிடச் சரிந்து நிற்கிறது. கடையநல்லூரிலிருந்து குளிக்க வந்திருந்த ஜவுளிக்காரர்களை, சும்மா சுற்றிக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டு எட்டுப் பேரை ஏற்றினார். "முன்னால வாங்க, முன்னால வாங்க, இன்னும் முன்னால!" ஜட்காவில் கூவிக் கூவிப் பழகிய வாய். ஜட்காவில் ஆள் பின்னால் சேர்ந்தால் வண்டி மல்லாந்து குதிரையைத் தூக்கும். அதனால் எல்லோரையும் முன்னால் தள்ளுவார். கல்யாணமான புதிதில் என்னையும் அப்படித்தான். கிட்டத்தில் உட்கார வந்தால் "ஏட்டி, அங்கன முன்னால போ, வண்டி சாயுது." கனத்த உடம்பு எனக்கு. அப்போதே.

மோட்டார்க் கயிற்றை இழுத்துக் கிளப்பினார். கத்தல் காதைப் பிளந்தது. பின்னால் வெறும் நுரை. படகு பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே. ஜவுளிக்காரர் ஒருத்தர், "பெரியவரே, எறங்கித் தள்ளணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் ஆ. என் காதில் சொன்னாள்.

"அக்கா, பாரம் கூடினா இன்சின் முக்கும். சத்தம் எறங்கும். எங்க மில்லுல நெல்லை அள்ளிப் போட்டா அப்பிடித்தான். இது எறங்கல, ஏறுது. பெல்ட் கழண்டு போனா வெறுமன சுத்துமே, அந்தக் கத்தல். விசிறி தண்ணியப் பிடிக்கவே இல்ல. ஆளெல்லாம் முன்னால, பின்பக்கம் தூக்கிட்டு. காத்தைத்தான் அடிக்குது. ஆளைப் பின்னால உக்கார வைக்கச் சொல்லுங்க. அத்தான்கிட்ட சொல்லுங்கக்கா."

பார்த்தேன். உள்ளதுதான். பின்பலகையின் அடிப்பாகம் தண்ணீருக்கு மேல் ஒரு கை அளவு தெரிந்தது. விசிறி பாதி வெளியே.

"என்ன சொல்லுதா?" இவர் கரைக்கே வந்துவிட்டார். கோயிலில் குறி கேட்க நிற்கிற மாதிரி நிற்கிறார். எனக்கு முன்னால் ஒரு நாளாவது இப்படி நின்றதுண்டா?

"ஏதோ மில்லு மாதிரி கத்துதாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

ஆ. பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள். அவளால் நேரே சொல்ல முடியாது. சொல்லட்டுமே பார்ப்போம் என்று நின்றேன்.

இவர் பிளக்கைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஆனி 15, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. மிளகாய் காயப் போட்டேன்.

இவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிளக்கு, வயர், பெட்ரோல் குழாய் எல்லாம் முற்றத்தில் சாக்கில் பரப்பிக் கிடக்கிறது. ஆ. இரண்டு தரம் என்னைப் பார்த்தாள். இரண்டு தரமும் அம்மியில் என்னவோ அரைத்தேன். தேங்காய் இல்லாமலே.

சொல்லிவிடலாம் என்று ஒரு தரம் வாய் வரை வந்தது. "என்ன செய்யுதுன்னு உனக்குத் தோணுது?" என்று இவர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. உப்புமா ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஆனி 16, ஞாயிறு

சட்டி கழுவாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்.

மத்தியானம் குத்தகைக்கார அண்ணாச்சி வீட்டோடு வந்தார். பெண்டுகள் பட்டுச்சேலை. இவர் "முன்னால வாங்க, முன்னால வாங்க" என்று எல்லோரையும் ஏற்றினார். மோட்டாரை இழுத்தார். கத்தல். நுரை. படகு நின்றது. அண்ணாச்சி மூக்குப்பொடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். துடுப்புக்காரன் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

இவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். நான் ஒரு பக்கம் நிற்கிறேன். ஆ. மருத மரத்தடியில் நிற்கிறாள். மனுசன் மரத்தடியைப் பார்த்தார்.

எனக்கு என்ன ஆயிற்றோ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். படகு விளிம்பைப் பிடித்து ஏறி, இவர் பக்கத்தில், பின்பலகை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"ஏட்டி, என்ன பண்ணுத! முன்னால போ!"

"போமாட்டேன். இத்தன வருசம் முன்னால போனது போதும்."

நான் உட்கார்ந்ததும் பின்பக்கம் தண்ணீரில் அமுங்கியது. கத்தல் சட்டென்று இறங்கி உறுமலானது. படகு எட்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. பட்டுச்சேலைகள் கீச்சென்று அலறின.

முழுக் குளமும் சுற்றினோம். நிற்கவே இல்லை. என் முகமெல்லாம் தண்ணீர். இவர் முழங்கை என் முழங்கையில். பாதிக் குளத்தில் என் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. "என்ன?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார்.

அண்ணாச்சி இறங்கும்போது, "ஆச்சி ஏறினதும்லா படகுக்கு உசிர் வந்துட்டு! சீசன் உங்களுக்குத்தான்" என்றார்.

மரத்தடியைப் பார்த்தேன். ஆ. சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சிரிக்கட்டும்.

பாதிக் குளத்தில் இவர் சொன்ன அந்த வார்த்தை என்னவாக இருக்கும்?

ஆனி 17, திங்கள்

நல்ல சாரல். கூட்டமான கூட்டம்.

குளித்து, பூ வைத்து, காலையிலேயே குளத்துக்குப் போனேன். என் இடத்தில் இரண்டு மணல் மூட்டை.

"பின்னால பாரம் வேணும்னு இப்பல்லா புரியுது. பின்பலகையை ரெண்டு விரல்கடை அறுத்து மோட்டாரை எறக்கணும்னு மெக்கானிக்கு சொல்லுதாரு. சீசன் முடியட்டும். அதுவரைக்கும் மூட்டை போதும். நீ எதுக்கு நனையணும்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் ஆத்திரம்.

படகு நன்றாக ஓடியது. மூட்டை நனைந்துகொண்டு என் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

பூவை ஆட்டுக்குப் போட்டேன்.

ஆனி 19, புதன்

வெயிலும் தூறலும் மாறி மாறி. நரிக்குக் கல்யாணம்.

நேற்று எழுதவில்லை. எழுதும்படியான காரியம் செய்யவில்லை. இன்று விடியலில் கோணி ஊசியோடு குளத்துக்குப் போனேன். மூட்டைத் தையலைப் பிரித்தேன். மணல் பொலபொலவென்று தண்ணீரில் போயிற்று. பாதி போனதும் வாயை மடித்து வைத்துவிட்டு வந்து இட்லிக்கு மாவு எடுத்தேன்.

ஒன்பது மணிக்கு முதல் ஆள் ஏறியது. திருநெல்வேலிக் கும்பல். கத்தல். நுரை. இவர் திரும்பவும் பிளக்கைக் கழற்றினார். கும்பல் முனகியது, ரெண்டு பேர் இறங்கினார்கள். துடுப்புக்காரன் எழுந்து நின்றான். நான் கரையில் காத்திருந்தேன். கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று.

கூப்பிடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு மரத்தடியைப் பார்த்தார்.

ஆ. காதைச் சாய்த்துக் கேட்டாள். படகைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். சேலைக் கரையில் குளத்து மணல் ஒட்டியிருந்தது. நான் தட்டிவிடவில்லை. 

வழக்கம்போல என் காதுக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்தால் அவள் சொல்வதை இவரிடம் எப்படி மாற்றிச் சொல்லலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன். வரவில்லை. என்னைத் தாண்டித் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அத்தான்."

குளமே நின்ற மாதிரி இருந்தது. இவர் கையிலிருந்த பிளக்கு படகுக்குள் விழுந்தது.

"மூட்டை நிக்காது அத்தான். கரைஞ்சு போவும். அக்காவை ஏத்திக்கிடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி மரத்தடிக்குப் போய்விட்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஒரு சண்டை, ஒரு அழுகை, முடிந்திருக்கும். இப்போது இதையும் நான் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

இவர் குனிந்து பிளக்கைத் தேடி எடுத்து மாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "வா" என்றார்.

ஏறினேன். உட்கார்ந்தேன். அமுங்கியது. உறுமியது. படகு பாய்ந்தது. அதே இடம், அதே முழங்கை, முகத்தில் அதே தண்ணீர்.

பாதிக் குளத்தில் இவர் என் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, கணீர்னு எவ்வளவு நல்லாப் பேசுதா, என்னா?"

ஞாயிற்றுக்கிழமை சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. இன்று ஒரு எழுத்து விடாமல் விழுந்தது.