மாடு எனக்கு, கன்று அவருக்கு

3 நவம்பர் 1981, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் கரண்ட் இல்லை. இரண்டு மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பரீட்சை எழுதும் பெண்களை மட்டும் டைப் அடிக்க வைத்தேன். ரிப்பன் தீர்ந்துவிட்டது. குடைக் கம்பி ஒன்று உடைந்திருக்கிறது.

மத்தியானம் அண்ணன் மண்டியிலிருந்து நேராக இங்கேயே வந்தார். நாளைக்குக் கீழ்பென்னாத்தூரில் பேசி முடித்துவிடலாம் என்று எங்கள் தாய்மாமா சொல்லி அனுப்பியிருக்கிறாராம். என் சாமான்களைப் பிரித்துக் கொடுக்க அவர் சம்மதித்துவிட்டாராம். (அவர் என்றே எழுதுகிறேன். பேர் எழுதக் கை வரவில்லை.)

அந்த வீட்டை விட்டு ஆடியில் வந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் குழந்தை இல்லை என்று அவர் சாந்தியைக் கூட்டிவந்து வைத்த மறுநாள். கையில் ஒரு பை. அவ்வளவுதான்.

"நீ ஒண்ணும் பேசாத. மாமா பேசுவாரு" என்றார் அண்ணன். சரி என்றேன்.

4 நவம்பர், புதன்

லீவு. மழை விட்டு வெயில், புழுக்கம்.

அந்த வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மாமா, அண்ணன், அவர், அவருடைய சித்தப்பா. நான் மட்டும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் படியருகே நின்றேன். சாந்தி தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்த சொம்பு.

பாத்திரங்களைக் கவிழ்த்து, வெட்டியிருக்கும் பேரைப் பார்த்துப் பிரித்தார்கள். அப்பா பேர் இருப்பதெல்லாம் எனக்கு. மாமா கொடுத்த வெண்கலப் பானையில் எங்கள் இருவர் பேரும். "என் பேரும்தான் இருக்குது. பாதி பேர மட்டும் வெட்டி எடுத்துனு போவாளா?" என்றார் அவர். மாமா, "வுடு, வெச்சிக்க" என்றார்.

பீரோ என்னுடையது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அண்ணன் வீட்டு வாசலில் அது நுழையாது. இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே சாந்தியின் புடவைகள்.

கடைசியாக மாடு. கிடாரியாக அப்பா ஓட்டிவந்து விட்டது. செவலை. நான் கழுவி, நான் கறந்த மாடு. நான் வந்த பிறகு புரட்டாசிக் கடைசியில் கன்று போட்டிருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். கலப்பினம். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. கால் நீளம். பெண் கன்று.

"மாடு அவங்க அப்பா குடுத்தது, ஓட்டினு போவட்டும். கன்னு எனுது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டினு போய் சினை ஊசி போட்டது நானு. அவ போனப்புறம் பொறந்தது" என்றார் அவர்.

"கன்று இல்லாமல் மாடு எப்படிப் பால் விடும்? கன்றுதான் என்ன குடிக்கும்?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே சரியாகக் காதில் விழவில்லை. சித்தப்பா மட்டும் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் புட்டிப்பால் குடுத்துக்கறேன்" என்றார் அவர், மாமாவிடம்.

மாமாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "மாடு இவளுக்கு, கன்னு உனக்கு. சரியா? முடிஞ்சிது."

முடிந்தது.

6 நவம்பர், வெள்ளி

நேற்று சாயங்காலம் மாட்டை ஓட்டிவந்தார்கள். வழியெல்லாம் திரும்பித் திரும்பி நின்றதாம். சந்தில் குழாயடிக்குப் பக்கத்தில் கட்டினோம். என்னைத் தெரிந்தது. கையை நக்கியது. பிறகு கத்த ஆரம்பித்தது.

இரவு முழுக்க. காலையில் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். "இன்னாம்மா இது, குடித்தனக்காரங்க தூங்க வேணாமா?" அண்ணி என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

கறக்க உட்கார்ந்தேன். மடி கல்லாக இருக்கிறது. காலாழாக்குகூட வரவில்லை. காலை உதறியது. என்னை உதைத்ததே இல்லை இந்த மாடு.

இன்ஸ்டிட்யூட்டுக்குத் தாமதம். கையில் சாணி வாசனை. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

8 நவம்பர், ஞாயிறு

நல்ல மழை. கோணியைப் போர்த்திவிட்டேன். தவிடு அப்படியே இருக்கிறது, ஊறிப்போய்.

தெருவுக்குப் பால் ஊற்றுகிறவரை அண்ணி கூட்டிவந்தார். தட்டிப் பார்த்தார். "மடி கட்டிக்கும்மா. வைக்கோல் கன்னு ஒண்ணு பண்ணி முன்னாடி நிறுத்துங்க. நக்கினு பால் வுடும்."

அது கன்று செத்த மாட்டுக்குச் செய்வது. அந்தக் கன்று உயிரோடு இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில். நான் வைக்கோல் கன்று கட்ட மாட்டேன் என்றேன். "அப்போ என்னதான் பண்ணப்போற?" என்றார் அண்ணி. கோபமாகக் கேட்கவில்லை. அதனால் ஜாஸ்தி வலித்தது.

வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பீச்சிப் பீச்சிக் கொஞ்சம் எடுத்தேன். கீழே கொட்டினேன்.

10 நவம்பர், செவ்வாய்

பிற்பகல் கிளாஸ் நடக்கும்போது வாசலில் சாந்தி. முக்காடு போட்டு நனைந்து நின்றாள். என்னைவிட எத்தனை வயசு சின்னவள். வயிறு தெரிகிறது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். புடவையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டேன். மெஷின் சத்தத்தில் மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, கன்னு புட்டிய வாயிலயே வெக்க மாட்டேங்குது. விரல் வெச்சி ஊட்டனா துப்புது. கழிச்சல் வேற. எழுந்திருக்க மாட்டேங்குது."

"அவர் என்ன சொல்கிறார்?"

"பழகிக்கும்ன்றாரு. நீங்க கன்ன எடுத்துக்கறீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."

இவளைத் திட்ட எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். போகும்போது, "பீரோவுல நானா வெக்கலக்கா. அவருதான் வெக்கச் சொன்னாரு" என்றாள்.

12 நவம்பர், வியாழன்

அண்ணனை நேற்று முழுக்கக் கெஞ்சினேன். இன்று மண்டியில் சொல்லிவிட்டுப் போய்வந்தார். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"செத்தாலும் எங்க வூட்லயே சாவட்டும்ன்றான். மாமா பேசி முடிச்சத மாத்தினா பீரோலேர்ந்து திரும்பப் பேசணுமாம். எனக்கு இன்னா தலையெழுத்தா, அவன் வாசல்ல நிக்கறதுக்கு?"

"கன்றைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன்." சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் மாட்டையே திருப்பி விட்டுவிடலாம் என்றேன். அண்ணன் கத்திவிட்டார். "அப்பா குடுத்தது அது ஒண்ணுதான் உருப்படியா வந்துது. அதயும் கொண்டுபோய் அவன் வூட்ல கட்டப்போறியா? ஊர்ல நாங்க தலைகாட்ட வேணாமா?" அண்ணி நடுவில் வந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

அண்ணன் சொல்வது நியாயம்தான். மாமா சொன்னதும் நியாயம். அவர்கூட ஏதோ ஒரு நியாயம் வைத்திருக்கிறார். மாடு கத்துவதை நிறுத்திவிட்டது. தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. கத்தினாலே பரவாயில்லை.

தேரடித் தெருவில் தீபத்துக் கடைகளுக்கு இப்போதே மூங்கில் இறக்கியிருக்கிறார்கள். ரிப்பன் வாங்க மறந்துவிட்டேன்.

15 நவம்பர், ஞாயிறு

விடியும்போதே அவிழ்த்துவிட்டேன். அண்ணி பார்த்தார். தடுக்கவில்லை. இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஊர் தாண்டும்வரை நான் இழுத்தேன். செஞ்சி ரோட்டில் திரும்பியதும் அது என்னை இழுத்தது. வழியெல்லாம் சேறு. பஸ் ஜன்னல்களிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். புடவை கட்டின பெண் தனியாக மாடு ஓட்டுவது அவ்வளவு அதிசயமா, தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை மழை. இட்லியில் ஒன்றை மாட்டுக்குக் கொடுத்தேன். தின்றது. வந்த பிறகு அது தானாக ஆசைப்பட்டுத் தின்றது அதுதான்.

தெருமுனையிலேயே கத்தியது. உள்ளிருந்து கன்று பதில் கொடுத்தது. மெல்லிய குரல். கயிற்றை விட்டுவிட்டேன்.

கன்று எழுந்திருக்கப் பார்த்து முட்டி போட்டு விழுந்தது. மாடு அதை நக்கி நக்கியே எழுப்பி நிறுத்திவிட்டது. சாந்தி பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். காம்பைக் கவ்வியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடைவாயில் நுரை.

சாந்தி அழுதாள். நான் அழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வீட்டுக்குள்ளிருந்து வந்து நின்று பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எழுதத் தெரியவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டிருந்தாலும் போதும்.

"கவுறு உங்க வூட்டுது. அவுத்துனு போ. அப்புறம் அது ஒண்ணு பாக்கின்னு ஆள் அனுப்புவீங்க."

சாந்தி வேறு கயிறு எடுத்துவந்தாள். என் கயிற்றின் முடிச்சு மழையில் நனைந்து இறுகிப்போயிருந்தது. விரலுக்கு வரவில்லை. குனிந்து பல்லால் இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மாடு என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு வேலை இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் கம்மி. கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் கயிற்றைப் பார்த்தாள், என் புடவைச் சேற்றைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மாடு வித்துட்டியா?"

"ஆமாம்."

"நல்ல எடமா?"

"நல்ல இடம்தான்" என்றேன்.