வலி இல்லை, கவ்விப் பிடித்தது

அன்னவாசல்,
4.6.2025

டாக்டர் செம்மல் அவர்களுக்கு,

எனக்கு மறதி வந்துவிட்டதாக உங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. மாரடைப்பு வந்து உங்கள் வார்டில் படுத்திருந்தபோது, உங்கள் உதவியாளர் ரெங்கராஜ் "நெஞ்சு வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போன மாதம் போனில், அன்றைக்கு நெஞ்சில் என்ன செய்தது என்றார். கவ்விப் பிடித்தது என்றேன். இரண்டும் உண்மை. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு வலி எது என்று தெரியும். அது வலி இல்லை.

அவரோ என் மருமகள் ஷர்லியிடம், "அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுது போல. மாத்தி மாத்திச் சொல்றாங்க" என்றிருக்கிறார். அன்றிலிருந்து நான் அடுப்பைப் பற்றவைத்தால் அவள் பின்னாலேயே வந்து நிற்கிறாள். கணவர் போனபின் பேங்க், வீட்டு வரி எல்லாம் தனியாகப் பார்த்தவள் நான்.

பெண்களுக்கு மாரடைப்பு எப்படித் தொடங்குகிறது என்று அறியத்தான் ஆராய்ச்சி என்றீர்கள். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது என் பதில்களைச் சேர்க்கப்போவதில்லையாம். ஏன்?

இங்ஙனம்,
அ. இன்னாசியம்மாள்

புதுக்கோட்டை,
16.6.2025

அன்புள்ள அம்மா,

வணக்கம். போன் செய்தேன், "எழுதுங்க" என்று வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன்.

ரெங்கராஜ் பேசியது தவறு. கண்டித்திருக்கிறேன். வேண்டுமானால் ஷர்லியிடமும் நானே பேசுகிறேன்.

கேள்வித்தாளில் 'வலி' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதை மாற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மாதக்கணக்காகும். நீங்கள் 'கவ்விப் பிடித்தது' என்றதை அவர் 'வலி' என்று குறித்துவிட்டார். இரண்டு பதில்கள் பொருந்தாவிட்டால் நீக்குவது விதி. ரெங்கராஜ் மறுபடி கூப்பிடும்போது 'வலி இருந்தது' என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சேர்த்துவிடுகிறோம்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
செம்மல்

அன்னவாசல்,
30.6.2025

டாக்டர் செம்மல் அவர்களுக்கு,

மாத்திரையை விடவில்லை. 'வலி இருந்தது' என்று சொல்லவும் மாட்டேன். கான்வென்டில் படித்த வயதிலேயே, நடக்காததை நடந்ததாகச் சொல்லி நான் தப்பித்ததில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு இருளாயி, நடுநெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருக்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். வலி இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றிருக்கிறாள். கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என்னிடம் வந்து, "அம்மா, ஒங்களுக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்றாள். சொன்னேன். "எனக்கும் அதேதாங்க" என்றாள்.

இது மாரடைப்பு, உடனே புதுக்கோட்டைக்குப் போக வேண்டும் என்றேன். ஷர்லிதான் காரை எடுத்தாள். என்னை மறு கேள்வி கேட்கவில்லை. அதற்குப்பின் அடுப்படிக்கும் காவலுக்கு வருவதில்லை. அவளிடம் நீங்கள் பேசத் தேவையில்லை.

இருளாயி பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாள் தாமதத்தில் இதயம் பாதி கெட்டுவிட்டது என்று உங்கள் வார்டிலேயே சொன்னார்கள். நேற்று அவள் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தபோது ரெங்கராஜ் அதே கேள்வித்தாளோடு வந்தார்.

"நெஞ்சு வலிச்சுச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வலிக்கலைங்க."

அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கேள்வித்தாளை மாற்றச் சொல்லி அந்த நெறிமுறைக் குழுவுக்கு எழுதினீர்களா, இல்லையா? போன் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
அ. இன்னாசியம்மாள்