அக்காவின் பூனையும் என் காற்றுக் குழாயும்

என் அன்பு சரோ அக்காவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. உன் பூனை மிளகு நன்றாக இருக்கிறது. உன் மகள் தேவியின் காலேஜ் ஹாஸ்டலில் பூனை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று, காரியம் முடிந்த அன்றே அதைக் கிள்ளானிலிருந்து இங்கே பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இனி என் சேதி. எனக்கும் உன்னைப் போலவே குறட்டை வந்துவிட்டது அக்கா. பகலில் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். இப்போது தினமும் மூக்கில் ஒரு மாஸ்க் போட்டுக்கொண்டு படுக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், குழாய் வழியாக மாஸ்குக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சீபேப் என்று பெயர்.

கரண்டு போனால் என்ன ஆகும்? மாஸ்க் நழுவினால் யாருக்குத் தெரியும்? இப்படி யோசித்தே பாதி ராத்திரி போய்விடும். இதில் மிளகு வேறு. குழாய் அசைந்தால் பாய்ந்து பிடிக்கும். காற்றை வடிகட்டும் பஞ்சைக் கழற்றினால் முழுக்க அதன் முடி.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை தலைவலியோடு எழுந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. குழாயில் உஸ்ஸென்று சத்தம். பார்த்தால் வரிசையாக நான்கு பல் ஓட்டை.

புதுக் குழாய் கொண்டுவந்த பையன், "ஆன்டி, பூனைய ரூமுக்குள்ள விடாதீங்க லா" என்றான். என் வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. கிள்ளானுக்கு அந்தப் பக்கம், காப்பார் ஊரில் தன் கூட்டாளி வீட்டில் அதை விட்டுவிடலாம் என்றார். பயத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். கூடையில் வைத்துக் காரில் கொண்டுபோனோம். அந்த வீட்டு வாசலில் மூன்று நாய்கள். மிளகு கத்தக்கூட இல்லை, கூடைக்குள் ஒண்டிக்கொண்டது.

"ஏன், இறங்கலயா?"

"வீட்டுக்குப் போயிடலாங்க."

"உன் மூச்சு முக்கியமா, பூனை முக்கியமா?"

"அக்கா வளத்ததுங்க. என்னால முடியல."

அவர் வண்டியைத் திருப்பினார். மறுநாள் படுக்கையறைக் கதவுக்குக் கொக்கி போட்டார். குழாயைத் தலைமாட்டுச் சுவரில் உயரத் தூக்கிக் கட்டினார். மூன்று ராத்திரி கதவைப் பிறாண்டிவிட்டு, மிளகு இப்போது சமையலறையில் படுத்துக்கொள்கிறது.

போன வாரம் தேவி லீவுக்கு வந்தாள். ஹாலில் படுத்தாள். நடு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் குறட்டை கேட்டது. அப்படியே உன் குறட்டை. நான் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது நின்றது. திரும்ப வரவில்லை. ஓடிப்போய் அவளை உலுக்கினேன். பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"என்ன சின்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. உன் குறட்டை நின்னுடுச்சு."

"நின்னா நல்லதுதானே?"

அக்கா, கிள்ளானில் உன் வீட்டில் நான் தங்கியிருந்த அந்தக் கடைசி ராத்திரி, நானும் அதைத்தான் நினைத்தேன். உன் குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா, இனித் தூங்கலாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் தேவி அழுதுகொண்டே கேட்டபோது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை எல்லோரிடமும் அதையே சொல்லி வருகிறேன். அன்று நான் எழுப்பியிருந்தால் நீ எழுந்திருப்பாயா? டாக்டரிடம் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தேன். பயமாக இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை தேவியை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். எதற்கு என்று கேட்பாள். நடந்ததை அப்படியே சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாளோ என்னவோ. கூப்பிடாவிட்டாலும் அவளைக் கூட்டிப்போவேன் அக்கா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ராணி