ஸ்வெட்டர் புராணம்

மே 9, சனி. குன்னூர்.

சத்தியமாகச் சொல்கிறேன், இன்று நடந்ததை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்.

இருபது வருடமாக நான் ஊருக்குச் சொல்லிவரும் புராணம் இது. இன்றைய பெரிய ஹீரோ அன்று ஊட்டிக்குப் பாட்டு ஷூட்டிங் வந்த குரூப் டான்சர். உறைபனியில் வெறும் பனியனோடு நடுங்கினார். கம்பெனி வேன் ஓட்டிய நான் என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்து, போன தீபாவளிக்கு அவரை என் வீட்டில் மூன்று மாதம் தங்கவைத்துவிட்டேன்.

இன்று பக்கத்து எஸ்டேட்டில் அவருக்குப் படப்பிடிப்பு. அக்கா மகள் செல்வி என்னை இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

“சார், உங்களுக்கு ஸ்வெட்டர் குடுத்தது எங்க மாமாதானுங்க!”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. குன்னூர்க் குளிரில் எனக்கு வியர்த்தது.

“ஆமாம்மா. அண்ணன் மட்டும் இல்லைன்னா அன்னைக்கே வெறைச்சுப் போயிருப்பேன்” என்று சொல்லிவிட்டு ஷாட்டுக்குப் போனார்.

“இத்தன நாளா பொய்யின்னு நெனச்சிட்டனுங்க மாமா, மன்னிச்சுக்கோங்க” என்றாள் செல்வி. மன்னிப்பை அவள் கேட்கிறாள்!

ஊட்டியில் அன்று அவர் என் வேன் கதவைத் தட்டி, “அண்ணா, அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டார். “ஹீரோயின் வண்டிடா, போடா” என்று கதவைப் பூட்டிக்கொண்டேன். என் மேல் இரண்டு ஸ்வெட்டர் இருந்தது.

அவர் நடுங்கினார் என்பது மட்டும் உண்மை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.