வலது கன்னம்

மார்ச் 3, திங்கள்
டயர் கடை வேலை முடிந்து நேரே கம்புச் சண்டைப் பயிற்சிக்கூடம். இன்று கம்பு வரும் கோணங்கள். முதல் கோணம், எதிராளியின் வலது தோளுக்கு மேலிருந்து சாய்வாக என் இடது கழுத்துக்கு. எனக்கு ஜோடி, கூடத்தில் எல்லோரும் மொட்டை என்று கூப்பிடும் பையன். பாவி, காதைக் கிழித்துவிட்டான். "கம்பைப் பார்க்காதே, தோளைப் பாரு!" என்று மாஸ்டர் கத்தினார். பார்க்கிறேன். அக்கா புருஷனின் தோளை நினைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு
அக்காவுக்கு மறுபடியும் வலது கன்னம் வீக்கம். "கதவுல இடிச்சிக்கிட்டேன்டி." எப்போ பார்த்தாலும் கதவு! மாமாவை ஒரு நாள் கேட்காமல் விடமாட்டேன்.

மார்ச் 20, வியாழன்
கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் அக்காமேல் பாய்ந்ததும் நடுவில் புகுந்தேன். வலது தோளையே பார்த்து நின்றேன் — அது அசையவே இல்லை. அடி மறுபக்கத்திலிருந்து வந்தது. கடைவாய்ப் பல் ஆடுகிறது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். "எழுதுறதுதான் வலது. அடிக்கிறது இடதுடி."

அந்த வலது கன்னத்துக்கு நானே எத்தனை தடவை ஐஸ் வைத்திருக்கிறேன், மண்டையில் உறைத்ததா? கூடத்தில் எல்லோரும் வலக்கைதான். மனுஷனுக்கு இன்னொரு கை இருக்கிறதே மறந்துபோச்சு.

அக்கா இனி என் அறையில்.

மார்ச் 22, சனி
மொட்டையை இடக்கையால் அடிக்கச் சொன்னேன். என்னோடு கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். "அப்படி இல்ல. முதல்ல ஒரு கால பின்னாடி வைப்பாரு. பல்லைக் கடிப்பாரு. அப்புறம்தான் வரும்."

கம்பை வாங்கி, அவளே மாமாவாக நின்று அடித்துக் காட்டினாள். தடுத்தேன். மறுபடி அடித்தாள். மறுபடி. போதும்க்கா, போதும்க்கா என்கிறேன், காதில் விழவே இல்லை. என் முழங்கையில் ரத்தம். மாஸ்டர்தான் பிடித்து இழுத்தார். ஐயோ, இவ்வளவையும் வாங்கிக்கிட்டா இருந்தா?

ஏப்ரல் 2, புதன்
மொட்டை வரவில்லை. நேற்று அவனுக்கு ஜோடி அக்கா.

ஏப்ரல் 6, ஞாயிறு
மாமா வந்தார், கூட்டிக்கொண்டு போக. நான் வாசலை மறித்தேன். அக்கா என்னை நகர்த்திவிட்டு, "வரல" என்றாள். அவர் கால் பின்னால் போனது. இடது தோள் எழுந்தது. அக்கா விலகவில்லை, உள்ளே புகுந்தாள். மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை நிலைக்கதவில் கொடுத்து ஒரே அழுத்து. மளுக்கென்றது. அவர் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டதாம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 7, திங்கள்
மாமாவின் அண்ணன் அக்காவுக்குப் போன் செய்தார், ஸ்பீக்கரில் போட்டாள். இடது கையில் மாவுக்கட்டாம். "என்னடா ஆச்சுன்னா, கதவுல இடிச்சிக்கிட்டேங்கிறான். நிஜமாம்மா?"

தலை வாரிக்கொண்டிருந்த அக்கா, சீப்பை வைக்காமலே சொன்னாள். "ஆமாங்க. அந்தக் கதவு எப்பவும் அப்படித்தான்."