பதினாலாம் பக்கம்

3 பிப்ரவரி 1999, புதன்

இன்று டூர் கடைக்கு விசாரிக்க வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதும் அந்தமானுக்குத்தான். கப்பல் எத்தனை நாள்? மூன்று. வாந்தி வருமா? வரும். சைவச் சாப்பாடு? கிடைக்கும், தேட வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடுமாமே? ஆமாம்.

எல்லாம் நாங்கள் கொடுக்கிற கையேட்டிலேயே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. உள் அட்டையில் 'தொகுப்பு: செல்வி பிரம்மநாயகி, பி.ஏ.' என்று போட்டிருப்பதை நான் மட்டும் எத்தனை தடவை படித்திருப்பேன்! கடல் என்று நான் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும்தான். போர்ட் பிளேரில் ஓவர்சியராக இருக்கும் பெரியப்பா மகன் அம்பலவாணன் அண்ணனின் கடிதங்களை வைத்து எழுதினேன். அவன் எழுதாததை முதலாளி தாணுமாலையன் அண்ணாச்சி சொன்னார், சேர்த்தேன்.

ஒன்பதாவது ஆள் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பைய குனிந்து கேட்டார். "அங்கன காட்டுக்குள்ள ஒண்ணும் உடுத்தாம திரியுதாகளாமே. பாக்க விடுவாகளா?"

"பஸ்ஸு அது வழியாத்தாம் வே போவுது. ஜன்னல் சீட்டா போட்டுத் தாரேன்" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும். எனக்கு என்ன சிரிப்பு?

11 பிப்ரவரி, வியாழன்

போன மாதம் போன கூட்டம் திரும்பி வந்து படங்களை மேசையில் பரப்பினார்கள். கடல், ஜெயில், கப்பல் தளத்தில் துண்டு கட்டிய மாமாக்கள். நடுவில் அந்தப் படம்.

ரோட்டோரம் ஒரு பெண். இடுப்பில் பிள்ளை. உடம்பில் துணி இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து போட்ட பிஸ்கட் பாக்கெட் காற்றில் இருக்கிறது. அவள் பிள்ளையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மறு கையை நீட்டுகிறாள். முகம் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கும் கைகளில் ஒன்றில் தங்க மோதிரம்.

"பாவநாசத்துல குரங்குக்குப் போடுவோம்லா, அதே மாதிரிதான். ஆடச் சொன்னோம். அதுக்கு விளங்கல" என்றான் ஒருவன்.

பிஸ்கட் கொண்டுபோக யார் சொன்னது? பதினாலாம் பக்கம் சொன்னது. 'கொண்டு செல்ல வேண்டியவை: குடை, கொசுவலை, வாந்தி மாத்திரை, டார்ச் லைட், காட்டுவாசிகளுக்குப் போட வாழைப்பழம், பிஸ்கட்.' அண்ணாச்சி 'பிஸ்கட்டும் சேத்துக்கோ' என்றுதான் சொன்னார். 'போட' என்பது என் சொல். 'கொடுக்க' என்று எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை. பி.ஏ. தமிழ்!

12 பிப்ரவரி

சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா பித்தம் என்கிறாள்.

15 பிப்ரவரி, திங்கள்

அந்தப் படத்தை அண்ணாச்சி ஸ்டுடியோவில் பெரிதாக்கி முன் கண்ணாடியில் மாட்டிவிட்டார். கீழே சிவப்பு மையில் 'நேரில் காண வாரீர்'. காலையிலிருந்து கடை வாசலில் சைக்கிள்கள். டிக்கெட் எடுக்க வந்தவன் எவனும் இல்லை. டீ கிளாசோடு நிற்கிறான்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறான்கள். பொம்பளைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமாக ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள். நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான்கள். அதே பார்வை. மேலெல்லாம் எச்சில் பட்ட மாதிரி இருக்கிறது.

"அண்ணாச்சி, அத எடுத்துருங்க."

"ஏம்மா, அவளுக்கே வெக்கமில்ல, ஒனக்கு என்ன?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. வெட்கப்பட வேண்டியது அவள் இல்லையே. அங்கே வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சவம், எனக்கு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வரும்.

அம்பலவாணன் அண்ணனுக்குக் கையேட்டை வைத்துக் கடிதம் போட்டேன். நான் எழுதியது தப்பா என்று கேட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

20 பிப்ரவரி, சனி

குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது அண்ணாச்சியின் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் அக்கா இருந்தாள். முழுகி எழுந்து ஈரத்தோடு தலையை உதறிக்கொண்டிருந்தாள். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அக்கா, நாம இப்படி நிக்கையில கரையில இருந்து எவனாவது படம் பிடிச்சு, மெட்ராசுல ஒரு கடையில மாட்டினா என்ன செய்வீங்க?"

"கைய ஒடிச்சி அடுப்புல வைப்பேன்."

"மாட்டியிருக்கது உங்க கடையிலக்கா."

அக்காவுக்குப் படம் பற்றித் தெரியவே தெரியாது. பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தாள். வாசலில் நின்றவர்கள் தானாக விலகினார்கள். கண்ணாடியிலிருந்து படத்தைப் பிய்த்து எடுத்தாள். "இடுப்புல பிள்ளையப் பாத்துமா மாட்டினீரு? தூ!" அவ்வளவுதான், போய்விட்டாள்.

சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன். நாலு மணிக்கு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். அண்ணாச்சி மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே அந்தப் படத்தின் இன்னொரு பிரதி.

9 மார்ச், செவ்வாய்

அம்பலவாணன் அண்ணனின் பதில். "நாயகி, நீ எழுதினதை ரெண்டு தடவை படித்தேன். நமக்கு நாலு நாளில் போகிற சளியும் காய்ச்சலும் காட்டில் இருப்பவர்களுக்கு எமன் என்று இங்கே டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காட்டு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆனாலும் நிறுத்துகிறார்கள். உன் ஊர்க்காரர்கள் எறிகிற பாக்கெட்டைப் பார்த்து, நம் தமிழ் பேசுகிறவர்கள்தானே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நன்றி என்று என் பெயரைப் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு."

கடைசி வரிதான் சுட்டது. அதுதான்.

12 மார்ச், வெள்ளி

கையேடு தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு. "அந்தப் பதினாலாம் பக்கத்த நல்லா விரிச்சு எழுது தாயி. எந்த எடத்துல நிப்பாக, எத்தன மணிக்கு வருவாக, எல்லாம். ஜனம் அதுக்குத்தான வருது" என்றார் அண்ணாச்சி.

தாயி என்று கூப்பிடுகிற வாய்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

18 மார்ச், வியாழன்

எழுதிவிட்டேன். மேலப்பாளையத்தில் மதார் பாயின் அச்சகத்தில் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாய்விட்டே வாசித்தார்.

'காட்டுக்குள் வாழ்கிறவர்களைக் காட்டச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். அது அவர்கள் வீடு. ரோடு போட்டது நாம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லாதீர்கள். படம் எடுக்காதீர்கள். எதையும் எறியாதீர்கள், நம் கையிலிருந்து போகிற நோய்க்கு அவர்களிடம் மருந்து கிடையாது. இந்தக் கையேட்டின் முதல் பதிப்பில் பிஸ்கட் கொண்டுபோகச் சொல்லி எழுதியவள் நான். அது தவறு.'

"தாணுமாலையன் அண்ணாச்சி பாத்தாச்சா?"

பார்த்தாச்சு என்று சொல்லத்தான் போனேன். "பாக்கல பாய்."

அவர் மை படிந்த விரல்களைத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அச்சுக்கு விடலாம்னு கையெழுத்து யாரு போடுதது?"

"நான்தான்."

"அப்பம் போடு. நான் கையெழுத்தப் பாத்துத்தான் அடிக்கேன்."

போட்டேன். நன்றிப் பக்கத்தில் அம்பலவாணன் அண்ணன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5 ஏப்ரல், திங்கள்

புத்தகக் கட்டு வந்து மூன்று நாள் அண்ணாச்சி பிரிக்கவே இல்லை. இன்று ஜவுளிக்கடைக்காரர்தான் வாசித்துவிட்டு, "என்ன வே, கோயில்ல மாதிரி புத்திமதி எழுதி வச்சிருக்கீரு" என்றார்.

அண்ணாச்சி வாசிக்க வாசிக்கக் காது சிவந்தது. புத்தகத்தை என் முகத்துக்கு நேரே எறிந்தார். தோளில் பட்டது.

"எவனக் கேட்டு எழுதின?"

"என் பேரு போட்டிருக்குல்லா. என்னத்தான் கேட்டேன்."

"சம்பளம் ஆரு தாரா?"

"நீங்கதான். அதுக்காவ எல்லாத்தயும் எழுதணுமா? அந்த டிராயரத் திறந்து வச்சுக்கிட்டு நீங்க சிரிக்க சிரிப்ப எத்தன நாளு பாக்க? எனக்குக் கொமட்டுது அண்ணாச்சி. கொமட்டுது."

கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். இந்தத் தடவை வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கவில்லை.

நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

6 ஏப்ரல்

அம்மாவிடம் சொல்லவில்லை. வழக்கம்போல் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜங்ஷன் வரை போய், பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

9 ஏப்ரல்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆவுடையம்மாள் அக்கா ஆற்றில் வைத்துச் சொன்னாளாம். "அவ செஞ்சதுல தப்பில்ல, ஆனா வேல போயிட்டுல்லா" என்று. இரண்டும் சரி.

19 ஏப்ரல், திங்கள்

மதார் பாய் ஆள் அனுப்பினார். மெய்ப்பு பார்த்தவருக்குக் கண் புரையாம். அரை நாள் வேலை, கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும்தான் அதிகம் என்றார். போகிறேன்.

14 ஜூன், திங்கள்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து காமாக்ஷி மாமி பேரனுக்குப் பூணூல் பத்திரிகை அடிக்க வந்தாள். டூர் கடையில் இருந்தபோது நான்தான் அவளுக்கும் மாமாவுக்கும் பதிவு செய்து கொடுத்தேன். மே மாதம் போய்வந்துவிட்டார்களாம். கப்பலில் மாமா மூன்று நாளும் எழுந்திருக்கவே இல்லையாம்.

"அந்தப் புஸ்தகத்துல ஒரு பக்கத்து மேல வெள்ளத்தாள ஒட்டிக் குடுத்தார்டி அந்தத் தாணுமாலையன். ஒட்டினா விடுவாளா? ரயில் மதுரை தாண்டறதுக்குள்ள அத்தனை பேரும் எச்சல் தொட்டுப் பிரிச்சாச்சு. பாக்கிப் பக்கத்த ஒருத்தரும் படிக்கல."

"பஸ்ல என்ன ஆச்சு மாமி?"

"ரோட்டோரம் ரெண்டு குழந்தேள் நின்னுது. நான் ஜன்னலச் சாத்தினேன். எனக்கு முன்னால இருந்தவாளும் சாத்தினா. பின்னால ரெண்டு தடியன் பிஸ்கட்டப் போட்டான்கள். படிச்சுட்டுத்தான் போட்டான்கள்."

படிச்சுட்டுத்தான்.

மாமி போன பிறகு மதார் பாய் ஒரு மெய்ப்புக் கட்டை என் மேசையில் வைத்தார். "மூணாம் பதிப்பு. அண்ணாச்சி வேற எங்கயும் அடிக்க மாட்டாரு, அச்சுக் கோத்தது நம்மகிட்ட கெடக்குல்லா."

பதினாலாம் பக்கத்தில் குடை, கொசுவலை, வாந்தி மாத்திரை, டார்ச் லைட். அதோடு நிறுத்தியிருக்கிறார். பிஸ்கட்டும் இல்லை, நான் எழுதியதும் இல்லை. உள் அட்டையில் என் பெயர் இல்லை. வருத்தமில்லை என்று எழுதினால் பொய்.

கப்பல் புறப்படும் கிழமை தப்பாக இருந்தது. திருத்தினேன். டார்ச் லைட்டுக்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தது. 'காட்டு வழியில் ஜன்னல்களைச் சாத்தி வைக்கவும்' என்று பென்சிலால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பாய் வாசித்தார். அச்சுக் கோக்கப் போய்விட்டார்.