கப்பல் செய்திக்குப் பிறகு

ரேடியோவின் சத்தத் திருகில் உன் மஞ்சள் விரல்தடம் இன்னும் இருக்கிறது. துடைக்க வந்த மகளிடம் போன வாரம் கத்திவிட்டேன். பாவம், துணியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று காலை, எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்று சொல்லும் கப்பல் செய்திக்காகத் திருகியபோது என் விரல் அந்தத் தடத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கச்சால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். நான் ராமநாதபுரத்திலிருந்து அந்தமானின் ஹேடோ துறைமுகத்துக்குப் பிழைக்க வந்தவன். கல்யாணமாகி நம் குவார்ட்டர்ஸுக்குள் நீ நுழைந்ததிலிருந்து பாத்திரம் துலக்கினாலும் பாட்டு, துணி காயப்போட்டாலும் பாட்டு. எல்லாம் நீயே கட்டியவை. தமிழில் தொடங்கி இந்தியில் போய் முடியும். "எந்த ஊர்ப் பாட்டுடி இது?" என்று சீண்டினால், "இந்தத் தீவுப் பாட்டுதாங்க. நமக்கு வேற எந்த ஊரு இருக்கு?" என்பாய்.

ரேடியோ நிலையத்தில் உன்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். அது ஒலிபரப்பானபோது உன் தம்பியைக் கேம்பல் பே தீவுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட நாம் துறைமுக ஜெட்டியில் நின்றிருந்தோம். டீக்கடை ரேடியோவில் கப்பல் செய்தி முடிந்த கையோடு உன் குரல். பாட்டின் தொடக்கம் பேச்சு மாதிரியே இருக்கும்: "இன்னிக்குக் கப்பல் இல்லீங்கோ, வீட்டுக்குப் போங்கோ!" கப்பல் ரத்து என்று கேட்டுக் கேட்டுப் பழகிய சனம் வேறென்ன செய்யும்? தமிழ்க்காரர்கள் மூட்டையைத் தூக்கினார்கள். என்ன சொன்னார்கள் என்று புரியாமல் ஒரு வங்காளி அம்மாள் "க்யா போலா?" என்று பதற, யாரோ "ஜஹாஜ் நஹீ ஹை", கப்பல் இல்லையாம் என்று இந்தியில் சொல்ல, பாதி ஜெட்டி கிளம்பிவிட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பாத்தீங்களா, என் பாட்டுக்கு ஜெட்டியே எந்திரிச்சு நின்னுச்சு!"

நிலையத்துக்குப் புகார் போயிருக்கும் போல. அப்புறம் அந்தப் பாட்டை அவர்கள் போடவே இல்லை. மெயின்லேண்ட் சினிமாப் பாட்டுகள்தான் ஓடின.

தினமும் கொஞ்ச நேரமாவது தீவுப் பாட்டுகளைப் போட்டே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவரச் சொல்லி நம் தெருப் பிள்ளைகள் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் போட்டேன். நீ மறுத்துவிட்டாய். "சட்டம் போட்டுக் குடுக்க என் பாட்டு என்ன ரேஷன் அரிசியா? வேணும்னா அவங்களே கேப்பாங்க." காதிலேயே விழாததை எப்படியடி கேட்பார்கள் என்று நான் கத்த, அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை. என் போனில் பதிவு செய்யவும் விடமாட்டாய். "ரேடியோல வரும், அப்பக் கேளுங்க" என்று கையால் மூடிக்கொள்வாய். உன் வீம்பு உன்னோடே பிறந்தது.

பிறகு தொண்டையில் அந்த நோய் வந்தது. பாட்டு போனது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரிக்கு இந்த ரேடியோவைக் கொண்டுவரச் சொல்லி ஜாடை காட்டினாய். எதற்கு என்றேன். காற்றில் கப்பல் வரைந்து காட்டினாய். கப்பல் செய்திக்காம்! நமக்குப் பிடிக்க வேண்டிய கப்பல் எதுவும் இல்லையே. ஆனால் செய்தி முடிந்ததும் கையை உயர்த்தி நர்ஸம்மாவைக்கூடப் பேச விடாமல் அடக்குவாய். சினிமாப் பாட்டு தொடங்கியதும் கை மெல்ல இறங்கும். நீ எதற்குக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். இருவரும் கப்பலைப் பற்றியே ஜாடை பேசிக்கொண்டிருந்தோம்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் நிலையத்துக்குப் போனேன். "பதிவ மட்டும் குடுங்க தம்பி, போட வேணாம்" என்றேன். அந்தப் பையன் நல்லவன்தான். நாள் முழுக்கத் தேடினான். "பழைய கம்ப்யூட்டர் மாத்துனப்போ எல்லாம் போயிருச்சு அண்ணா. தீவுப் பாட்டு போடணும்னு ரூல் இருந்திருந்தா பத்திரமா வெச்சிருப்போம். யாரும் கேக்கலியே." நீ சொன்ன அதே 'கேப்பாங்க'. வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போதும் விதி வேண்டும் என்று போகிற இடமெல்லாம் வாதாடுகிறேன். கலாச்சாரம், மண்ணின் குரல் என்று பெரிதாகப் பேசுகிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். எனக்கு அதெல்லாம் இல்லையடி. சமையலறையில் நிற்கும்போது, நான் கேட்காமலேயே, உன் குரல் ஒருமுறை வந்திருக்கலாம்.

பாட்டின் வரிகள் எனக்கு மனப்பாடம். உன் குரல்தான் நாளுக்கு நாள் நழுவுகிறது. இன்றும் கப்பல் செய்தி முடிந்ததும், என்னையறியாமல், பேசிக்கொண்டிருந்த மகளை அடக்கக் கையை உயர்த்தினேன். அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். சினிமாப் பாட்டு தொடங்கியது. என் கையை அவள்தான் பிடித்து இறக்கிவிட்டாள்.